கார் தரப்பில் நிறுத்தம்

எடைமேடைக் கூண்டிலிருந்து
பன்னிரண்டு பத்துக்கு அனுப்பினேன்.
'கட்டளை ஏற்கப்பட்டது' என்றது கைப்பேசி.
ஏற்றுக்கொண்டது யார் என்று சொல்லவில்லை.
ஓடும் மின்சாரம்: சுழியம்.

பகாவில் வீட்டு வாசலில் நிற்கிறது கார்,
பதினாலு கிலோமீட்டர் செம்பனைக்கு அப்பால்.
காலை ஆறரைக்கு இளமாறன் அதை எடுத்துக்கொண்டு
சிரம்பானுக்குப் போயாக வேண்டும், கையுறைத் தொழிற்சாலைக்கு.
மீதம் பதினோரு விழுக்காடு.
புக்கிட் புத்துஸ் ஏற்றம் வரைக்கும்கூடத் தாங்காது.

திரும்ப அனுப்பினேன். ஏற்கப்பட்டது.
வெளியேறி மறுபடி உள்ளே வந்தேன்,
கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன்.
சுவர்ப்பெட்டியை இங்கிருந்தே அணைத்து எழுப்பினேன்.
தொண்ணூறு நொடி செத்துக் கிடந்தது,
எழுந்ததும் பழைய பல்லவி.

நடுவில் ஒரு லோரி.
குலை ஏழு டன் நானூற்று இருபது.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

உதவி எண்ணில் ஃபைருஸ் என்றொரு பையன், குரலில் கொட்டாவி.
கேபிள் முழுசா ஏறியிருக்கா அக்கா?
எனக்கு எப்படித் தெரியும், நான் மில்லில் இருக்கேன்.
எறும்பு கூடு கட்டியிருக்கும், போன மாசம் ஒரு வீட்ல அப்படித்தான்.
இல்லாட்டி இடி. எர்த் டிரிப் ஆயிருக்கும்.
அப்போ சிவப்பு எரியாதா?
எரியும்.
எனக்குப் பச்சைதான் காட்டுது.
அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இளமாறனுக்கு எட்டுத் தடவை அடித்தேன்.
ஃபோனைக் கவிழ்த்துப் போட்டுத் தூங்குகிற ஆள்.

பந்தாட்டம் பார்க்க விழித்திருந்த பக்கத்து வீட்டு ஆ செங்
வேலிக்கு மேலே கையை நீட்டி
ஒரு படம் பிடித்து அனுப்பினான்.
கேபிள் சரி. பெட்டியில் பச்சை.
காரின் வாயோரம் ஒரு நீல விளக்கு.
அதற்குப் பின்னால், நான் கேட்காதவை:
கொடியில் அவர் சீருடை, காலுறையில் ஒன்று மட்டும்,
கிளம்பும்போது நான் சுருட்டி எறிந்த மழைக்கோட்டு
மடித்து, படிமேல்.
நான் இல்லாத நேரத்து என் வீட்டை
இப்போதுதான் பார்க்கிறேன்.

நீலமா, என்றான் ஃபைருஸ், தூக்கம் கலைந்து.
அப்போ பெட்டி கொடுக்குது, கார்தான் வாங்க மாட்டேங்குது.
என் திரையிலயும் அதான் இருக்கு: கார் தரப்பில் நிறுத்தம்.
உள்ளுக்குள்ள வேற நேரம் ஏதும் வச்சிருக்கீங்களா?

காருக்கென்று தனிச் செயலி.
அதில் மூன்று திரை தாண்டி, யாரும் போகாத மூலையில்
ஓர் அட்டவணை:
தினமும், காலை 6:00 முதல்.

பெட்டிக்கு நான் சொன்னது நள்ளிரவு, மலிவு நேரம் என்று.
காருக்கு அவர் சொன்னது ஆறு.
ஒன்று கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்க
மற்றது உறங்குகிறது, சொன்ன சொல் தவறாமல்.

ஆறு மணிக்குத்தான் அவர் இரவு வேலை முடிந்து வருவார்.
காரைச் சொருகிவிட்டு உள்ளே வருவார்.
ஆறரைக்கு என் வேன்.
அந்த அரை மணிக்குள் பசியாறுவோம்,
நின்றுகொண்டே, ரொட்டியைப் பிய்த்து,
ஒரே கோப்பைத் தேத்தண்ணியில் மாறி மாறி முக்கி.
இந்தத் திங்கள் அவர் பகலுக்கு மாறினார், நான் இரவுக்கு.
காரிடம் யாரும் சொல்லவில்லை.

'இந்த அட்டவணையை நீக்கவா?'
வெளியே ஹாரன், லோரிக்காரனுக்கு அவசரம்.
ஆம்.

சுழியம். சுழியம்.
0.4.
பிறகு ஒரே தாவல், 7.1.

ஓடுதா அக்கா?
ஓடுது.
வேற ஏதும் பிரச்சினை இருக்கா?
இருந்தாலும் அவன் துறை இல்லை.
ரொம்ப நன்றி தம்பி, போய்ப் படு என்றேன்.

லோரி மேடையில் ஏறியது.
எண் ஆடி அடங்கட்டும் என்று
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காத்திருந்தேன்.