வற்றம்

பனிக்குடம் உடைந்தபோது
கடல் வீட்டில் இல்லை.

எங்கள் செலின் தீவில் அது
நாளுக்கு இரண்டு முறை வெளியே போய்விடும்.
மூன்று ஆள் உயரம் இறங்கி,
சேற்றையும் சிப்பியையும்
அபெலார்தோவின் படகையும்
அப்படி அப்படியே போட்டுவிட்டு.
சாந்தியாகோகாரர்களிடம் சொன்னால்
நம்பமாட்டார்கள்.

மணி இரண்டு இருபது. ஆகஸ்ட் குளிர், மழை.
உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றும் கைவண்டியில்
ருதெசிந்தோ என்னைக் கரைவரை தள்ளிவந்தான்.
சக்கரம் கீச்சிட்டது.
எண்ணெய் போடு, எண்ணெய் போடு என்று
மார்ச்சிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.
அதற்கும் சண்டை போட்டேன்,
இரண்டு வலிகளுக்கு நடுவே.

படகு சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது,
என்னைப் போலவே
பெரிய வயிற்றை ஒரு பக்கம் சாய்த்து.

"ஐந்து மணிக்குத்தான் தண்ணீர்" என்றார் அபெலார்தோ.
கடலை வெளியே அனுப்பியது தானேபோல
தொப்பியைக் கழற்றினார்.
இரண்டு மணி நேரத் தூரத்தில் காஸ்ட்ரோ ஆஸ்பத்திரி
விளக்குகளோடு விழித்திருந்தது.
இந்த மேகத்தில் ஹெலிகாப்டர் எழும்பாது.
மருந்தகத்து யுலிசெஸ் ஓடிவந்தான்.
இருபத்தாறு வயது, ரப்பர் பூட்ஸ்,
அதுவரை அவன் தைத்ததெல்லாம் நாய்க்கடி.

சாய்ந்த படகில் சாய்ந்து கிடந்தேன்.
ஒவ்வொரு வலிக்கும் முன்னால்
ஒரு மௌனம் வந்து உட்கார்ந்தது.
வலியைவிட அதற்குத்தான் பயந்தேன்.

சால்மன் ஆலையில், நான்காம் வரிசையில்
ஆறு வருடம் நின்றவள் நான்.
நிமிடத்துக்குப் பதினெட்டு மீன்.
கீறு, குடலை எடு, அடுத்தது.
உடம்புக்குள் என்ன இருக்கிறதென்று
எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன்.
தெரியாது.
இடுப்பில் ஒரு கை நுழைந்து
முதுகெலும்பை ஈரத்துணிபோல் பிழிந்தது.
கத்தினேன்,
போன இடத்தில் கடலுக்குக் கேட்கட்டும் என்று.
எனக்கு எத்தனை கெட்ட வார்த்தை தெரியுமென்று
ருதெசிந்தோவுக்கு அன்றுதான் தெரிந்தது.
அபெலார்தோ இயந்திரத்தைத் துடைத்தார்,
துடைத்து முடித்த இயந்திரத்தை, மறுபடி.

நாலரைக்கு
இருட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சலசலப்பு.
ஓதம்.
முதலில் சுக்கானைத் தொட்டது. பிறகு அடிப்பலகையை.
"அரை மணி, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றான் யுலிசெஸ்.
பொறுக்க நான் யார்?

முக்கினேன்.
ஈர விறகில் ஆப்பு இறங்குவதுபோல்
இறங்கினாள்.
தலை வந்தபோது படகு அசைந்தது.
தோள் வந்தபோது
சேறு ஒரு பெருமூச்சோடு எங்களை விட்டது.
நால்வராக ஏறியவர்கள்
ஐவராக மிதந்தோம்.

அவள் உடனே அழவில்லை.
அந்தச் சில நொடிகளை
நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை.

பிறகு தும்மினாள். பிறகு அழுதாள்.
என் கம்பளிச் சட்டைக்குள், மார்மேல்,
வெதுவெதுவென்று, வழுக்கிக்கொண்டு.
இந்தக் கைகளில்
எத்தனையோ ஆயிரம் வழுக்கிப் போயிருக்கின்றன.
ஒன்றுகூட என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை.
இவள் பார்த்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில்
பதிவேட்டுப் பெண் கேட்டாள்:
"பிறந்த இடம்? தீவா, கடலா?"
ருதெசிந்தோ என்னைப் பார்த்தான்.
"தோள்வரைக்கும் தீவு" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. செலின் என்று தட்டினாள்.
பெயர்: எதுவினா.
எடை: மூன்று கிலோ நூற்றிருபது.
கைவண்டிக்கு ஒரு நடைக்குக்கூடக் காணாது.

இப்போது மறுபடி இரண்டு இருபது.
அவள் அழுகிறாள்.
மார்பை அழுத்திப் பார்க்கிறேன்.
ஒரு மஞ்சள் துளி, அப்புறம் ஒன்றுமில்லை.
வற்றம்.
வரும், பொறு என்கிறேன்.

அவளா பொறுப்பாள்?