பூச்சியம் தசம் நாலு ஒன்று

கிலோக் கணக்கில்தான் வாங்கினோம்.
பரந்தன் சந்திக்குக் கிழக்கே பழைய இரும்புக் கடை.
தராசு தாங்காது என்று
முதலாளி கண்ணாலேயே நிறுத்தார்: ஆயிரத்து இருநூறு.
நிறோஜினி சொன்னாள், தொளாயிரம்.
ஆயிரத்தில் முடிந்தது.

சுரண்டச் சுரண்ட மில்லிங் மெசின் நிறம் மாறியது.
சாம்பல், அதற்குள் பச்சை,
அதற்கும் உள்ளே பள்ளிக்கூட மை போல ஒரு நீலம்.
மேசைத் தவாளிப்புகளில் செம்மண், ஒரு நத்தை ஓடு.
இடது மூலையில் பெருவிரல் நுழையும் குழி.
என்ன பட்டது, எப்போது பட்டது என்று
இங்கே இரும்பு வாங்குகிறவர்கள் கேட்பதில்லை.
அந்த மூலையில் வேலைத்துண்டு பூட்டுவதில்லை
என்று மட்டும் பேசிக்கொண்டோம்.

மோட்டர் மூன்றும் பஞ்சிகாவத்தையில்.
இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
கண்டக்டர் இன்னொரு சீற்றுக்கும் காசு கேட்டான்.
கட்டுப்பாட்டுப் பலகை சீனாவிலிருந்து வர நாற்பது நாள்,
அதில் பன்னிரண்டு சுங்கத்தில்.
கம்பியூட்டர் ஒரு வங்கி கழித்துவிட்டது.
தொடக்கினால் இன்னும்
நகை அடகின் வட்டிவீதம் காட்டிவிட்டுத்தான் வழிவிடும்.

"கைச்சக்கரம் எல்லாத்தையும் கழட்டு,
மோட்டர் சுத்தேக்க கையை முறிக்கும்" என்றாள்.
இரண்டைக் கழற்றினேன்.
மேசையை ஏற்றி இறக்கும் சக்கரத்தை
பிடியை மட்டும் அறுத்துவிட்டு வைத்துக்கொண்டேன்.
அதற்கு ஒரு கிழமை கதைக்கவில்லை.

புதுத் திருகாணிக்குக் காசில்லை. பழையதுதான்.
போகும்போது சரி.
திரும்பும்போது பொய் சொல்லும்:
மோட்டர் சுற்றும், திரையில் எண் ஓடும்,
மேசை கிடக்கும்,
கூப்பிட்டது கேட்டும் பாயை விட்டு எழும்பாதவன் மாதிரி.
டயல் கேஜை ஊன்றி இருபது தரம் அளந்தோம்.
நீள அச்சில்
பூச்சியம் தசம் நாலு ஒன்று மில்லிமீற்றர்.
"திருத்தத் தேவையில்லை,
எவ்வளவு எண்டு சொல்லிவிட்டால் போதும்."
எண்ணை அடித்தாள்.
அன்றிலிருந்து திசை மாறும்போதெல்லாம்
மெசின் தன் பொய்யளவுக்கு வெறுமனே சுற்றி
பிறகுதான் நகரும்.

மாசி. வயலெல்லாம் விளைந்து நின்றது.
வட்டக்கச்சியிலிருந்து பாலேந்திரா
உரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான்,
வெட்டு மெசினின் பற்சில்லு.
பதினேழு பல்லில் நாலு இல்லை.
கொழும்பிலிருந்து எடுக்க மூன்று நாள்.
மழை நாளைக்கு என்றது வானொலி.

பதினோராம் பல்லில் கரண்ட் போனது.

இருட்டில் குளிர்நீர் சொட்டும் சத்தம்.
கட்டர் உருக்குக்குள் கடித்தபடி நின்றது.
தடவித் தடவி அந்தச் சக்கரத்தைப் பிடித்து
மேசையை இறக்கினேன், நாலு சுற்று.
நிறோஜினி ஒன்றும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
பாலேந்திரா லாண்ட்மாஸ்டர் பெட்டிக்குள் குறட்டை விட்டான்.

இரண்டு மணித்தியாலம் கழித்து வெளிச்சம்.
வட்டிவீதம் வந்து போனது.
மெசினுக்கு எதுவும் ஞாபகமில்லை.
நிற்கிற இடம்தான் பூச்சியம் என்று நினைத்தது.
அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு: வீட்டுக்குப் போ.
அழுத்தினால் மெல்ல மூலைக்கு ஊர்ந்து
ஒரு சின்னச் சுவிச்சைத் தொடும்,
கொஞ்சம் விலகும்,
சந்தேகம் போல மறுபடி தொடும்.
பிறகு எல்லா அளவும் அங்கிருந்துதான்.

"எட்டுத் தரம் இடம்பெயர்ந்தனான்," என்றேன்,
"எனக்கு எந்தச் சுவிச்?"

"பதினோராம் பல்லு," என்றாள் நிறோஜினி.

வெட்டினோம்.
விட்ட இடத்தில் மயிரளவு ஒரு படி நின்றது.
அரத்தால் ராவினேன்.
விடிய நாலு மணிக்குப் பாலேந்திரா
பல்லைப் பல்லாக விரலால் எண்ணிப் பார்த்தான்,
பதினொன்றில் நிற்காமல்.
பாதி காசு தந்தான், மீதி நெல்லு என்றான்.

லாண்ட்மாஸ்டர் சத்தம் தேய்ந்த பிறகு
கோப்புக்கு என்ன பெயர் என்று திரை கேட்டது.
பாலேந்திரா பதினேழு
என்று அடித்துச் சேமித்தாள்.