பதினான்காவது கேள்வி

என் வேலை, குரலை ஏற்றாமல் இறக்காமல்
கேட்பது.
மாங்க்டன் நகரில், கம்பளக் கடைக்கு மேல்மாடியில்,
நாற்பது ஹெட்போன்கள், ஒரு காபி எந்திரம்.
மாலை ஐந்தரைக்கு மேல்
ஜனங்கள் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்துக்
கூப்பிடுவோம்.

பதின்மூன்று வரை பற்பசை, வங்கி, கைப்பேசிக் கட்டணம்.
பதினான்காவதாகக் காந்தஹார்.
அங்கே நம் படைகள் இருப்பதை நீங்கள்
முழுதாக ஆதரிக்கிறீர்களா, ஓரளவு ஆதரிக்கிறீர்களா,
ஓரளவு எதிர்க்கிறீர்களா, முழுதாக எதிர்க்கிறீர்களா?
பதினைந்தாவது, மறுபடி பற்பசை.

முதல் குளிர்காலம்
கேள்வியை முடிக்க விட்டவர்களே குறைவு.
முழுதாக. முழுதாக. இதையெல்லாம் ஒரு கேள்வியென்று கேட்பதா.
பாதர்ஸ்டிலிருந்து ஒருவர், ஒனேசிம் தெரியோ,
என்னையும் சேர்த்துக்கொண்டு சொன்னார்:
‘நாம் போகாமல் வேறு யார் போவார்கள், பெண்ணே?’
முள்கரண்டி தட்டில் பட்ட சத்தம் கேட்டது.
ஒன்றை அழுத்தினேன்.

மூன்றாம் வருடம்
கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள்.
சொன்னேன், அதே குரலில்.
பையன்களை ஆதரிக்கிறேன், அதை மட்டும் எழுதிக்கொள்,
மற்றதை எழுதாதே என்றாள் ஒருத்தி.
எழுத இடமில்லை. இரண்டு.
இன்னொருத்தி,
என் மகன் போன வாரம்தான் அங்கிருந்து வந்தான்,
காரேஜிலேயே படுக்கிறான்,
அதற்கு எந்த எண் என்றாள்.
திரை காத்திருந்தது.
‘பதில் இல்லை’க்கு ஒன்பது.
அவள் பதில் சொல்லியிருந்தாள்.

நாம் என்றவர்கள் நாங்கள் என்றார்கள்,
நான் சேராத நாங்கள்.
பிறகு ஒருநாள்
அவர்கள் அனுப்பினார்கள், அவர்களையே கேளுங்கள்.
படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது.
நான் மட்டும் காதில் வைத்திருந்தேன்.

எங்கள் ஊர் ஆற்றில்
நாளுக்கு இருமுறை தண்ணீர் எதிர்த்திசையில் ஏறும்.
அதற்கு நேர அட்டவணை அச்சிட்டிருக்கிறார்கள்;
வெளியூர்க்காரர்கள் கேமராவோடு நிற்பார்கள்.
மேற்பார்வையாளர் ஹெக்டர்
இதையும் அப்படித்தான் நினைத்தார்.
இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில்
சிவப்பு வட்டம் போட்டு,
‘இங்கேதான் பார், டெலிமா, ஏப்ரலில், நாடு மாறியது’ என்றார்.

ஏப்ரலில் நான் வேலையில்தான் இருந்தேன்.
ஒரு நாய் விடாமல் குரைத்தது.
ஒருவர், இருங்கள், அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்றார்.
வந்தார்.
‘எங்கே விட்டோம்?’
பதினான்கில், ஐயா.
‘ம். மூன்று.’
அவ்வளவுதான்.

ஏழாம் வருடம்
எந்திரம் தானாகத் தேர்ந்த எண்களில்
பாதர்ஸ்ட் எண் ஒன்று.
குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது, பெயர் அதேதான்.
ஒனேசிம் தெரியோ சொன்னார்:
‘முழுதாக எதிர்க்கிறேன்.
ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தவன் நான், எழுதிக்கொள்.’
எனக்கு அந்த முள்கரண்டி ஞாபகம் வந்தது.
பொய் சொல்பவரின் குரல் லேசாக ஏறும்,
ஏழு வருடம் கேட்ட காது இது.
அவர் குரல் ஏறவில்லை.
நான்கை அழுத்தி
நன்றி சொல்லி
பற்பசைக்குப் போனேன்.

எங்களை யாரும் கூப்பிடுவதில்லை.
இங்கே வேலை செய்பவர்களின் வீட்டு எண்கள்
பட்டியலில் வராது, விதி.
ஆகவே என் கருத்து எந்தக் கோட்டிலும் இல்லை.
முதல் குளிர்காலத்தில்
காரின் பின்கதவில் மஞ்சள் ரிப்பன் ஒட்டினேன்,
காந்தத்தால் ஒட்டிக்கொள்கிறது, எரிபொருள் நிலையத்தில் விற்றார்கள்.
ஒருநாள் காரைக் கழுவும்போது விழுந்தது.
குனிந்து எடுத்திருக்கலாம்.
அது நான்காம் வருடமா, ஐந்தா,
என்னிடம் தேதி இல்லை.

போன மாதம் காரை விற்றேன்.
வாங்க வந்த பையன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.
பின்கதவில் ரிப்பன் வடிவத்தில்
வெயில் படாத நீலம்.
விரலால் தடவி,
‘இங்கே என்ன இருந்தது?’ என்றான்.

காந்தம் என்றேன்.