முந்நூற்று எழுபது கிராம்

பெருமாள்மலை தாண்டி
அடுக்கம் இறக்கத்தில் மூன்றாவது வளைவு.
பிரேக் பெடல் என் பாதத்தை உதறியது,
சட்டையைப் பிடித்துக்கொண்டு பேசும்
குடிகாரன் கைபோல.
பின்னால் இருபத்து நாலு மூட்டை மலைப்பூண்டு.
அந்த வாசத்துக்குள் இன்னொரு வாசம்.
மூட்டைமேல் இருந்த வேலப்பன்
கேபினைத் தட்டினான்:
"அண்ணே, என்னமோ கருகுது."

வடுகபட்டி போய்ச் சேர்ந்தோம்.
எப்படி என்று கேட்காதீர்கள்.

சூசைமாணிக்கம் சக்கரத்தைக் கழற்றி
டிஸ்க்கில் நகத்தை ஓட்டினார்.
நகம் தட்டித் தட்டிப் போனது.
பூம்பாறைப் படிவயலை
யாரோ வட்டமாகச் சுருட்டி வைத்ததுபோல்
வரப்பும் வாய்க்காலும்.
நடுவில் அங்கங்கே நீலம் பாரித்திருந்தது.
"கடைஞ்சு போடலாம், எண்ணூறு.
சோடியா புதுசு, ஐயாயிரத்து அறுநூறு.
நீயே சொல்லு."

என்னத்தைச் சொல்ல.
கிலோ நூற்றி அறுபதுக்குப் போகிற வாரம் அது.
இரண்டுக்கும் நடுவில்
முப்பது கிலோ பூண்டு உட்கார்ந்திருந்தது.

கம்பி பிரஷ்ஷால் விளிம்பைத் தேய்த்தேன்.
துருவுக்கு அடியில் எழுத்து:
குறைந்த கனம் 22.
ஆறு வருஷமாக இருந்திருக்கிறது.
நான் பார்க்கும்போதெல்லாம்
சுற்றிக்கொண்டே இருந்திருக்கும்.

பெரியகுளத்தில் காஜா மைதீன் லேத்.
வெர்னியர் வைத்து இரண்டு தடவை அளந்தார்,
துணியால் துடைத்து மூன்றாம் தடவை.
"இடது இருபத்திரண்டே முக்காலுக்கு மேல, தாராளம்.
வலது இருபத்திரண்டு புள்ளி மூணு.
இந்த வரி போக அரை மில்லிக்கு மேல எடுக்கணும்.
இடது நிக்கும்.
வலது நிக்காது."

வலதை மட்டும் மாத்திட்டு, என்று ஆரம்பித்தேன்.
"வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.
உங்க ரோட்டுல எந்தப் பக்கம் பள்ளம்?"

போகும்போது ஒரு பக்கம்,
வரும்போது மறு பக்கம்.
சில வளைவுகளில் இரண்டு பக்கமும்.

"நீங்க சொன்னா கடைஞ்சு தர்றேன்,
பார்த்தா புதுசு மாதிரியே இருக்கும்.
ஆனா பில்லுல என் கடைப் பேரு வராது."

டீ வாங்கிக்கொண்டு வெளியே நின்றேன்.
இருபத்திரண்டுக்கும் கீழே
மூன்று தாள் கனம், அவ்வளவுதான்.
இதைவிட மெலிந்த டிஸ்க்கோடு
தினமும் நாலு பேர் இறங்குகிறார்கள், எனக்கே தெரியும்.
அதில் ஒருவன்
ஆயுத பூசைக்குப் பூசணிக்காய் உடைப்பதோடு சரி.
இருபத்திரண்டு என்று எழுதியவன்
அடுக்கத்தைப் பார்த்திருக்க மாட்டான்.
எழுதும்போது அவன் மனசில்
மூட்டைமேல் யாராவது உட்கார்ந்திருந்தார்களா?

வேலப்பன் வண்டியிலிருந்தே கத்தினான்,
"கட்டைதான் இருக்கேண்ணே."
வண்டி நழுவினால் குதித்து
டயருக்கு அடியில் கொடுக்கிற கட்டை.
தைல மரம்.
அதன் ஒரு முனை தேய்ந்திருந்ததை
அன்றைக்குத்தான் கவனித்தேன்.

ஐயாயிரத்து அறுநூறு.
பேரம் பேசியும் அறுநூறுகூடக் குறையவில்லை.

கடுப்பில், மண்டித் தராசில்
புதிய வலதை வைத்தேன், எடுத்தேன்,
பழைய வலதை வைத்தேன்.
வித்தியாசம் முந்நூற்று எழுபது கிராம்.
காட்டிய எண்ணை
மண்டிக்காரர் எட்டிப் பார்த்து
"கழிவா?" என்றார்.

கழிவுதான்.
வளைவு வளைவாகக் கொட்டிவிட்டு வந்த இரும்பு.
மழை கரைத்த தடுப்புச் சுவரில் கொஞ்சம்,
மூங்கில் புதரில் கொஞ்சம்,
யானை வந்து நின்ற அன்றைக்கு
ஒரே மிதியில் கொஞ்சம் அதிகம்.

புதுசைப் பூட்டிவிட்டு சூசைமாணிக்கம் சொன்னார்:
"முதல் இருநூறு கிலோமீட்டர்
கெட்டியா மிதிக்காதே. பதமா பழக்கு."
இதை அடுக்கத்திடம் யார் சொல்வது?

விடியும் முன் இறங்கினோம்.
இரண்டாம் கியர், பனிமூட்டம்,
தொட்டும் தொடாமலும் கால்.
பெடல் ஒன்றுமே பேசவில்லை.

பழைய டிஸ்க் இரண்டும்
தார்பாயை அழுத்திக்கொண்டு பின்னால் கிடந்தன.
அவற்றுக்கு நடுவில் வேலப்பன்.
கட்டையை மடியிலிருந்து
இன்னும் கீழே வைக்கவில்லை.