மூடி

"உடனடி" என்ற சொல்லை வாயிலெடுக்காதே என்றார்கள்
சூரிச்சில் நடந்த அரைநாள் வகுப்பில்.
"பளிங்குகள்" என்று சொல். "மலைச்சரிவு" என்று சொல்.
விலையைக் கேட்டால் மட்டும் சொல்.

பதினேழு பிராங் தொண்ணூறு.

ஓல்ட்டன் ரயில் நிலையத்துக்குக் கீழே, சுரங்கப்பாதைக் கடையில்,
வெண்ணெய்க்கும் பூனைத் தீனிக்கும் நடுவே
என் மேசை. ஒரு கேத்தல். இருநூறு கடதாசிக் குவளைகள்,
ஒவ்வொன்றும் இருமல் மருந்து அளவு.
என் பிளாஸ்க்கில் தேத்தண்ணி,
அது மேசைக்கு அடியில், துவாய்க்குள்.
தர்மகுலசிங்கம் சட்டைப் பட்டையில் கொள்ளாது என்று
தர்மா என வெட்டியிருந்தார்கள்.
தர்மத்துக்குத்தான் கொடுக்கிறேன்,
அப்படியும் யாரும் கை நீட்டவில்லை.

கரைகிறதெல்லாம் கோப்பியா என்கிறார்கள்.
என் மொழியில் காகமும் கரையும் என்று
இவர்களுக்கு எப்படிச் சொல்வேன்?
காலை எட்டு மணியிலிருந்து நானும்தான் கரைகிறேன்:
வாங்கோ, ஒரு வாய், ஒரே ஒரு வாய்.

தாடிப் பையன் கேத்தலுக்குள் வெப்பமானியை விட்டான்.
தொண்ணூற்றாறு. மூன்று பாகை கூட என்றான்.
குடிக்கவில்லை.
நீலக் கோட்டு அம்மா குடித்தார். நன்றாயிருக்கிறது என்றார்,
வரிக் கடிதம் வாசிக்கிற குரலில்.
போய்விட்டார்.
எங்கள் ஆள் ஒருவர், ஆர்பூர்க்கிலிருந்து வருகிறவர்,
போத்தலைக் கவிழ்த்து அடியைப் பார்த்து
"தங்கச்சி, இந்தக் காசுக்கு மற்றதில மூண்டு எடுக்கலாமே."

பிறகு சனெல்லா. சனிக்கிழமை தவறாமல்.
கோத்தார்ட் மலையை உள்ளேயிருந்து பார்த்தவன் நான் என்பார்,
ஒன்பது வருடம் துளைபொறி பிடித்தவர்.
குவளையை மூக்கருகே கொண்டுபோய் அப்படியே திருப்பி வைப்பார்.
"சிஞோரா, இது கோப்பி இல்லை.
கோப்பியைப் பற்றி யாரோ சொன்ன கதை."
நிற்கிறவர்கள் சிரிப்பார்கள்.
அதோடு அன்றைய வியாபாரம் படுத்துவிடும்.
வீட்டில் அவரிடம் எட்டுப் பட்டை அலுமினியப் பாத்திரம் இருக்கிறதாம்,
திருகி மூடி, திருகித் திறப்பது,
கல்யாணத்துக்கு முன்பே வந்தது,
மனைவி போன பின்பும் இருப்பது.

நாலாவது சனி, பின்னேரம் ஐந்து மணி.
கேத்தலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
திரும்பி வந்தார். ஆளில்லை என்று பார்த்துக்கொண்டார்.
குவளை கேட்கவில்லை.
"இந்த மூடி," என்றார், "திருக வேண்டுமா, இழுத்தால் வருமா?"

வகுப்பில் மூடியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இழுத்தால் வரும் என்றேன்.
தானே இழுத்துப் பார்த்தார்.
அப்போதுதான் அந்தக் கையைக் கண்டேன்: மூன்று விரல்
மெழுகாய் வெளுத்து, தங்களுக்குள் தந்தியடித்துக்கொண்டு.
துளைபொறி எப்போதோ நின்றுவிட்டது,
அதன் அதிர்வு மட்டும் இவரோடு வீட்டுக்கு வந்திருக்கிறது.
ஒரு தரம் இழுத்தார். இன்னொரு தரம்.
டொக்.
மூடிக்குக் கீழே ஈயத்தாள், விளிம்போடு இறுக்கி ஒட்டியிருந்தது.
அதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

காசு கட்டுமுன் பிரிக்கக் கூடாது. கடைச் சட்டம்.
பெருவிரல் நகத்தால் குத்தி, சுற்றிவர வழித்து எடுத்தேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான்.
இரண்டு பேருமாகக் கொஞ்ச நேரம்
பூனைத் தீனி விலையைப் பார்த்தோம்.

இரவு ரயிலில் கம்பனிப் படிவம் நிரப்பினேன்.
விற்றது: ஒன்று.
வாங்கியவரைக் கவர்ந்தது: சுவை, மணம், தோற்றம், விலை,
ஒன்றுக்கு மட்டும் குறியிடவும்.
மணம் என்று கீறினேன்.
முழுப் பொய்யுமில்லை. தாளைப் பிய்த்தபோது
போத்தலுக்குள்ளிருந்து குப்பென்று வந்ததுதான்;
சனெல்லாதான்
முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.