சங்கிலியின் மறுமுனை

சர்வே சங்கிலியின் ஒரு முனை என்னிடம்.
மறுமுனையை இழுத்துக்கொண்டு முன்னால் போனவன்
ஈச்சன் காணி.
நாள்கூலி ஏழு சக்கரம்.
புதருக்குள் வழி அவனுக்குத்தானே தெரியும்.

கோதையாற்றுக்கு மேலே
நாற்பத்தொன்றாம் கல்லை நட்டபோது
"ஆரு செத்தது?" என்று கேட்டான்.
சிரித்துக்கொண்டே
'தரிசு. உரிமையாளர் இல்லை' என்று எழுதினேன்.
காணி அவன் பெயரில் மட்டும் இருந்தது.
அந்தத் தரிசில் எடுத்த தேன்
என் விரலில் இன்னும் பிசுபிசுத்தது.

மாசியில் தாசையன் வந்தான்,
கருங்கலில் கடனுக்குப் போன பனைகளை விட்டு.
தலையில் மரச்சீனிக் கம்புக் கட்டு,
பெண்டாட்டி இடுப்பில் ஒன்று, பின்னால் நடந்து இரண்டு.
மடியில் பட்டா.
காய்ச்சலுக்குப் பட்டா தேவைப்படவில்லை.

ஆடிக்குள் இரண்டு குழி.
கைக்குழந்தையும் நடுங்கத் தொடங்கிய இரவு
பாதி ஜெபத்தில் எழுந்து
ஈச்சன் குடிலுக்கு ஓடினான்.

விடியவிடியக் கொக்கரை.
இரும்பை இரும்பு உரசும் சத்தம்,
என் சங்கிலியின் அதே சத்தம்.
பிள்ளை பிழைத்தது.

அந்தப் பிள்ளைதான், யேசுவடியாள்,
இன்று ரப்பர் மூட்டில் நின்று
ஈச்சன் மகனிடம் சொல்கிறாள்:
"கம்பிக்கு இந்தப் பக்கம் கால் வைக்காதே."

வேலி சரியான இடத்தில்தான் இருக்கிறது.
அளந்தவனை எனக்குத் தெரியும்.