பாதி பானெட்

வியாழன் மூன்றே காலுக்கு
என் பாலிஷர் இருமியது.
அப்புறம் ஒரு கருகல் வாடை.
அப்புறம் ஒன்றுமில்லை.

சாட்ஸ்வொர்த்தில் என் கராஜுக்குள்
மூக்கை மட்டும் நுழைத்தபடி
ரெங்கன் கம்பெனியின் அமரர் ஊர்தி.
பானெட்டில் இடப்பாதி கண்ணாடி.
வலப்பாதியில் பத்து வருஷத் துணிகள்
இழுத்துவைத்த சிலந்திவலை.
வெள்ளை வண்டி என்றால் சமாளித்திருப்பேன்.
கறுப்பு, போட்டுக் கொடுத்துவிடும்.
சனி காலை எட்டுக்கு அதற்கு வேலை இருந்தது.
யாருக்கு என்று கேட்கவில்லை.

லுங்கேலோ மூடியைக் கழற்றினான்,
முகர்ந்தான்.
"பிரஷ் போனால் மாற்றலாம், சிஸி.
இது காயில்."
அதை ஒரு துவாலையில் சுற்றி வைத்தான்,
ஏன் என்று தெரியாமல்.

உம்கேனி சாலைக் கடையில்
சந்திரகாசன் மூன்று எடுத்து வைத்தார்.

முதலாவது, செத்ததின் தங்கை.
அதே ரோட்டரி, அதே மூன்று கிலோ,
அதே முரட்டுத் தொண்டை.
என் வலது மணிக்கட்டு
நான் சொல்வதற்குள் வேண்டாம் என்றது.

இரண்டாவதுக்கு வயரே இல்லை.
"மின்வெட்டா? போகட்டுமே" என்றார்.
இரண்டு பேட்டரி,
ஒவ்வொன்றும் இருபத்தைந்து நிமிஷம்.
மனசுக்குள் அந்த வண்டியை அளந்தேன்:
கூரை, நீளப் பக்கங்கள், பின்கதவு.
பாதி வழியில் நின்றுபோன வண்டி ஒன்று
ஏற்கெனவே என் கராஜில் இருந்தது.

மூன்றாவது, சுற்றும்போதே ஆடுவது,
பம்பரம் தலை சாயும் நேரத்தைப்போல.
பையிலிருந்து மார்க்கரை எடுத்தேன்.
தட்டின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு.
ஓடவிட்டதும் கோடு கரைந்து
சாம்பல் வளையமாயிற்று.
கடையின் பழைய கதவுப் பலகைமேல் வைத்து
முழங்கையால் அழுத்தினேன்.
கோடு திரும்ப வந்தது,
ஓரிடத்தில் நடுங்கியபடி.

"பாருங்கள், நின்றுவிட்டது" என்றார்
வெட்கப்பட்டவர்போல.
"வலு போதாது. அந்த முதலாவதை
எவ்வளவு அமுக்கினாலும் நிற்காது."

அவருக்குத் தயாளனைத் தெரியாது.
தயாளனின் கிரெசிடாவைத் தெரியாது.
கதவோரத்தில் நான் ஒரு நொடி அசந்தபோது
நிற்காத என் மிஷின்
ஐந்து ராண்ட் நாணய அகலத்துக்கு
பெயிண்டைத் தின்று அடிப்பூச்சைக் காட்டியது.
தயாளன் திட்டவில்லை.
முழுப் பணமும் கொடுத்துவிட்டுப் போனார்.
வெள்ளிக்கிழமைகளில்
பங்களாதேஷ் மார்க்கெட் வாசலில்
அந்த வண்டி நிற்கும்.
நான் அடுத்த வரிசை வழியாய்ப் போய்
கத்தரிக்காய் வாங்குவேன்.

"நிற்கிறதுதான் வேண்டும்" என்றேன்.

நாலாயிரத்து அறுநூற்றைம்பது ராண்ட்.
அறுநூற்றைம்பதுக்கு மாத முடிவு வரை தவணை.
ஏழு அங்குலக் கம்பளிப் பட்டைகள்
என்னிடம் பதினொன்று,
இதன் ஐந்து அங்குலத் தட்டுக்கு
ஒன்றும் பொருந்தாது.
அதை அவர் சொல்லவில்லை;
பில் போட்ட பிறகு எனக்கே உறைத்தது.

வெள்ளி இரவு எட்டுக்குக் கரண்ட் போயிற்று.
புது மிஷினை மடியில் வைத்துக்கொண்டு
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.
லுங்கேலோ ஃபோன் வெளிச்சத்தில்
வயர் எத்தனை மீட்டர் என்று படித்துக் காட்டினான்.
பத்தேகாலுக்குக் குழல்விளக்கு சிமிட்டியது.
இடப்பாதிக்கு ஆனதைப்போல
இரண்டு மடங்கு நேரம் வலப்பாதிக்கு.
அழுத்தும்போதெல்லாம் கோடு எட்டிப்பார்க்கும்;
கையைத் தளர்த்துவேன்; மறைந்துவிடும்.
மூன்று மணிக்குமேல்
கோட்டைப் பார்க்கவே தேவைப்படவில்லை.

காலையில் டிரைவர் வந்தார்,
பானெட்டில் குனிந்து டை முடிச்சைச் சரிசெய்தார்.
வண்டியைப் பின்னெடுத்து வெயிலுக்குக் கொண்டுபோனபோதுதான்
எனக்குத் தெரிந்தது:
வலப்பாதி சும்மா கறுப்பு, கிணற்றுத் தண்ணீர்.
இடப்பாதியில்
பழைய மிஷின் விட்டுப்போன வளைய வளையமான மினுக்கம்,
தண்ணீரில் எண்ணெய் சிந்தியதைப்போல.

"ஊர்வலத்தில் பானெட்டையா பார்ப்பார்கள்?"
என்றான் லுங்கேலோ.

கண்ணாடியைத் தட்டினேன்.
டிரைவர் இறக்கினார்.
"எல்லாம் முடிந்து திரும்பும்போது
ஒரு மணி நேரம் இங்கே விட்டுப் போங்கள்" என்றேன்.
"இடப்பக்கம் பாக்கி இருக்கிறது."